ஒன்றும் செருகாத ஏழாம் போர்ட்

இது நடந்தது. போலீஸ் ஸ்டேஷனில் நாலு பக்கம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். விசாரணை அதிகாரி படித்தார். பேனாவை எடுத்தார். அதில் இரண்டு பக்கத்தைக் குறுக்காக அடித்தார். 'யே சப் நஹீ சலேகா' என்றார். இதெல்லாம் இங்கே செல்லாதாம். அவர் அடித்த அந்த இரண்டு பக்கத்தையும் பிறகு நடந்ததையும்தான் நீங்கள் இப்போது படிக்கிறீர்கள். நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் போங்கள். யாரையும் நம்பவைக்கிற பொறுமை எனக்கு இப்போது இல்லை.

பேய் என்றதும் நடுராத்திரி, அமாவாசை, நாய் ஊளை என்று எதிர்பார்க்காதீர்கள். எனக்கு நடந்தது பட்டப்பகலில். டில்லியில், போன டிசம்பர் 16, செவ்வாய்க்கிழமை. மதியம் 2.10-க்கு ஆரம்பித்தது. 4.02-க்கு முடிந்தது.

என் பெயர் இஸ்மாயில். மேலப்பாளையத்துக்காரன். டில்லிக்கு வந்து ஒன்பது வருஷம். கடைசி இரண்டு வருஷமாக நொய்டாவில் ஒரு சின்னக் கம்பெனியில் சர்வீஸ் இன்ஜினீயர். வேலை என்னவென்றால், மெஷின் ஒரு பக்கம், கம்ப்யூட்டர் ஒரு பக்கம், சண்டை போட்ட புருஷன் பெண்டாட்டி மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். இரண்டையும் பேசவைக்க வேண்டும். தண்ணீர் பம்ப், எடை மெஷின், கேஸ் மீட்டர் எல்லாம் இன்றைக்கும் கம்ப்யூட்டரோடு பேசுவது சீரியல் போர்ட் என்கிற பழைய ஒன்பது பின் சாக்கெட் வழியாகத்தான். அதை விண்டோஸில் எங்கே செட் பண்ணுவது என்று தினம் நாலு பேராவது எனக்குப் போன் செய்வார்கள். ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக். டிவைஸ் மேனேஜர். அதில் போர்ட்ஸ். போர்ட் பெயர் மேல் இரண்டு தட்டு. போர்ட் செட்டிங்ஸ். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

அங்கே வேகம், பிட், பாரிட்டி என்று நாலைந்து கட்டம் இருக்கும். மெஷின் எப்படிப் பேசுகிறதோ அப்படியே கம்ப்யூட்டரும் கேட்க வேண்டும். ஒரு கட்டம் தப்பினாலும் திரையில் குப்பை எழுத்து வரும். எல்லாம் சரியாக இருந்தால் சுத்தமான எண் வரும். இதில் எங்கள் தொழில்காரர்களுக்கு ஒரு பெரிய நம்பிக்கை உண்டு. எண் சுத்தமாக வந்துவிட்டால் செட்டிங் சரி, அந்த எண்ணும் சரி. கம்பியில் குப்பை வரும், பொய் வராது. நான் பழகிய எல்லா இன்ஜினீயர்களும் இப்படித்தான் வேலை செய்கிறார்கள்.

அன்று காலை பதினொன்றரைக்கு அர்விந்த் போன் செய்தார். ஜசோலா பக்கம் ஒரு பெரிய ஆபீஸ் கட்டடத்துக்கு அவர் பராமரிப்பு மேனேஜர். கட்டடத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன், கேஸ் நடக்கிறது. தமிழர்தான், ஆனால் டில்லியிலேயே பிறந்து வளர்ந்தவர், அவர் தமிழில் பாதி இந்தி. மூன்றாவது பேஸ்மென்ட்டில் கழிவுநீர்த் தொட்டி இருக்கிறது. மறுநாள் இன்ஸ்பெக்‌ஷன். அதற்குள் தொட்டியைச் சுத்தம் செய்ய வேண்டும். ஆனால் தொட்டிக்குள் தொங்குகிற விஷவாயு மீட்டரின் எண் கம்ப்யூட்டரில் வரவில்லை. எண் வராமல் இறங்க மாட்டேன் என்று இறங்க வேண்டிய ஆள் அடம்பிடிக்கிறானாம்.

"ரொம்ப நக்ரா பண்றான், ஒரே பிகு. ஜல்தி வாங்க" என்றார்.

சட்டப்படி அப்படிப்பட்ட தொட்டிக்குள் ஆளை இறக்கவே கூடாது. அது அர்விந்துக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அனுமதிச் சீட்டில் 'சோதனை' என்று எழுதிக்கொள்வார்கள். நான் பையை எடுத்துக்கொண்டு மெட்ரோ ஏறினேன்.

1.50-க்குக் கீழே இறங்கினேன். வெளியே புகைமூட்டத்தில் சூரியன் எங்கே என்றே தெரியவில்லை. கீழே அதுகூட இல்லை, நாலு டியூப்லைட். தொட்டியின் இரும்பு மூடி திறந்து கிடந்தது. பத்தடி தள்ளி, கண்ணாடி ஜன்னல் வைத்த ஒரு சின்ன அறை. அதற்குள் மேஜை, கம்ப்யூட்டர், பூட்டிய இரும்பு அலமாரி.

மூடிக்குப் பக்கத்தில் கவிழ்த்த இரண்டு வாளி மேல் இருவர் உட்கார்ந்திருந்தார்கள். நான் இந்தியில் ஆரம்பித்தேன். ஒருவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "தமிழா சார்?" என்றார். அவர்தான் அழகர்சாமி. நாற்பத்தைந்து இருக்கும். மதுரைப் பக்கம். கூட இருந்தவர் சேட்டு, அழகர்சாமி மனைவியின் அண்ணன். இரண்டு குடும்பமும் ஜங்புராவில் மதராசி கேம்ப் என்கிற தமிழர் குடிசைப் பகுதியில் இருந்தவை. கேம்ப்பை இடித்த பிறகு நரேலாவில் வீடு. அங்கிருந்து மூன்று பஸ் மாறி வந்து காலை ஒன்பதிலிருந்து அந்த வாளி மேல் உட்கார்ந்திருக்கிறார்கள். இந்தக் கட்டடத்துக்கு இருவரும் வருவது அதுதான் முதல் தடவை.

நான் சும்மா கிண்டலாக, மேனேஜரையே ஆட்டி வைக்கிற ஆள் நீங்கள்தானா அண்ணே என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால் அவருடைய கூடப்பிறந்த தம்பி ஒரு சாக்கடைக் குழியில் செத்துப்போனான். வாயு பூஜ்யம் என்று எழுதிய சீட்டு அவன் சட்டைப் பையில் இருந்தது. காண்ட்ராக்டர் பேனாவால் எழுதிய பூஜ்யம்.

"சீட்டுல என்ன வேணா எழுதுவாய்ங்க சார். நான் கம்ப்யூட்டர்ல முட்டையக் கண்ணால பாத்தாத்தான் இறங்குவேன். வேற ஆளக் கூட்டியாந்தாலும் கூட்டியாரட்டும்."

அவருக்கு எழுத்து தெரியாது. பூஜ்யம் மட்டும் தெரியும். எங்கே வேலைக்குப் போனாலும் திரைக்கு முன்னால் நின்று, முட்டையைப் பார்த்த பிறகுதான் இடுப்பில் கயிறு கட்டுவாராம். எனக்கு அந்த ஆளை ரொம்பப் பிடித்துப்போயிற்று. சரிண்ணே, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அவர் அப்போதுதான் லேசாகச் சிரித்தார். நம்ம ஆள் வந்துட்டாரு, இனி பயமில்லை என்று சேட்டுவிடம் சொன்னார்.

2.10. நாற்காலியில் உட்கார்ந்தேன். உடனே எழுந்துவிட்டேன். நாற்காலி ஈரம். பேன்ட் பின்னால் நனைந்துவிட்டது. எவன் தண்ணீர் கொட்டினான் என்று அறை வாசலில் நின்ற காவலாளியைத் திட்டினேன். காலையிலிருந்து அறை பூட்டியே இருந்தது சாப் என்றான் அவன். பொய் சொல்கிறான் என்று நினைத்தேன். மவுஸும் ஈரமாக இருந்தது. கைக்குட்டையால் துடைத்தேன். கைக்குட்டையில் கறுப்பாக ஏதோ ஒட்டியது.

2.25. டிவைஸ் மேனேஜரைத் திறந்தேன். போர்ட்ஸ். அதில் இரண்டு பெயர். காம் 1, காம் 7.

காம் 1 கம்ப்யூட்டரோடு பிறந்தது, மீட்டர் கம்பி அதில்தான் வரும். காம் 7 என்பது யாராவது வெளியிலிருந்து யூஎஸ்பி அடாப்டர் செருகினால் வருவது. குனிந்து, டார்ச் அடித்து, பின்பக்கம் பார்த்தேன். ஒரே ஒரு சீரியல் கம்பி. காம் 1-இல் செருகியிருந்தது. யூஎஸ்பி ஓட்டைகளில் கீபோர்டும் மவுஸும் தவிர ஒன்றும் இல்லை.

பிடுங்கிய போர்ட்டையும் விண்டோஸ் ஞாபகம் வைத்துக்கொள்ளும். அதைக் காட்டச் சொன்னால் வெளுத்துப்போன எழுத்தில் காட்டும். அது சகஜம். ஆனால் இது வெளுத்திருக்கவில்லை. பளிச்சென்று இருந்தது. அதாவது, செருகியிருக்கிறது என்று கம்ப்யூட்டர் சொல்கிறது.

2.40. காம் 7-ஐ அழித்தேன். பட்டியலிலிருந்து போயிற்று.

2.41. டு-டிங்.

விண்டோஸில் எதையாவது செருகினால் அந்தச் சத்தம் வரும். நான் எதையும் செருகவில்லை. என் இரண்டு கையும் மேஜை மேல் இருந்தன. காம் 7 திரும்ப வந்து நின்றது. பழைய கம்ப்யூட்டர், ஏதோ டிரைவர் கோளாறு என்று சொல்லிக்கொண்டேன்.

காம் 1-க்குப் போனேன். குப்பை. கிறுக்கல் கிறுக்கலாக ஓடியது. வேகத்தை மாற்றினேன். 9600... 4800... 2400... 19200. குப்பை. பிட் கட்டத்தில் எட்டு இருந்தது. அதை நான் தொடவில்லை. இந்தக் காலத்தில் எல்லா மெஷினும் எட்டு பிட்தான். ஏழு பிட் மெஷினை ஒன்பது வருஷத்தில் இரண்டு தடவையோ மூன்று தடவையோ பார்த்திருப்பேன்.

எங்கள் ஆபீஸில் வைதேஹி என்று ஒரு பெண். எந்தக் கட்டடத்தில் எந்த மீட்டர், என்ன செட்டிங் என்று எல்லாம் ஃபைலில் வைத்திருப்பாள். ஒரு போன் போதும். ஆனால் பேஸ்மென்ட்டில் சிக்னல் இல்லை. மூன்று மாடி ஏற வேண்டும். அதுகூடப் பரவாயில்லை. போர்ட் செட்டிங் என்ன என்று நான் போய் வைதேஹியிடம் கேட்பதா? ஊருக்கே சொல்லிக்கொடுக்கிறவன் நான். ஏறவில்லை.

3.05. மறுபடி டு-டிங்.

மவுஸ் மறுபடி ஈரம்.

மேலே கூரையைப் பார்த்தேன். குழாய் எதுவும் இல்லை. சொட்டு எதுவும் இல்லை. அறையில் கழிவு நாற்றமும் இல்லை. பத்தடி தள்ளித் தொட்டி திறந்து கிடக்கிறது, கொஞ்சம்கூட நாற்றம் இல்லை. அழகர்சாமியும் அதையே சொன்னார். இந்தத் தொட்டி சுத்தமா இருக்கும் போல சார், வாடையே காணோம் என்றார். எனக்கும் நல்லதாகப் பட்டது.

3.20. அர்விந்த் கீழே வந்தார். கத்தவில்லை, அவர் கத்துகிற ரகமில்லை. வேறு இரண்டு பேரை வரச்சொல்லியிருக்கிறேன், நாலு மணிக்கு வருவார்கள், அவர்கள் முட்டை கோழி எதுவும் கேட்க மாட்டார்கள் என்று இந்தியில் சொன்னார். அழகர்சாமி வாளி மேல் உட்கார்ந்தபடி காலணிக் கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்றைய வேலை போனால் காண்ட்ராக்டர் நாளைக்குக் கூப்பிட மாட்டான், அது எனக்கும் தெரியும். அர்விந்த் என்னைப் பார்த்து, "இன்னும் எவ்ளோ டைம்?" என்றார். அஞ்சு நிமிஷம் என்றேன்.

3.28. மீட்டர் எண்ணைக் காட்டும் புரோகிராமில் எந்தப் போர்ட் என்று கேட்கும் கட்டம் ஒன்று உண்டு. காம் 1 என்று வைத்தேன். அர்விந்த் ஏதோ கேட்டார். திரும்பிப் பதில் சொன்னேன். மறுபடி திரையைப் பார்த்தேன்.

காம் 7 என்று இருந்தது.

மாற்றினேன். காம் 1. சேமி.

கைக்குட்டையை எடுக்கக் குனிந்தேன். நிமிர்ந்தேன்.

காம் 7.

மூன்றாவது தடவை மாற்றினேன். கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தேன். கண் எரிந்தது. ஒரு தடவை... ஒரே ஒரு தடவை... இமைத்தேன்.

காம் 7.

3.31. திரையில் எண் வந்தது.

0.0

0.0

0.0

சுத்தமான எண். ஒரு கிறுக்கல் இல்லை. நொடிக்கு ஒன்று. என் முதுகுக்குப் பின்னால் யாரோ மூச்சு விட்டார்கள். தூக்கிவாரிப் போட்டது. அழகர்சாமிதான். எப்போது அறைக்குள் வந்தார் என்று தெரியவில்லை.

"முட்டை, சார்" என்றார். மெதுவாக.

இருங்கண்ணே என்றேன். காம் 7-இன் செட்டிங்கைத் திறந்தேன். வேண்டுமென்றே வேகத்தை 300 ஆக்கினேன். எந்த மீட்டரும் அந்த வேகத்தில் பேசாது. குப்பை வர வேண்டும். வந்தே ஆக வேண்டும்.

0.0

பிட்டை மாற்றினேன். பாரிட்டியை மாற்றினேன். எல்லாவற்றையும் தப்பாக வைத்தேன்.

0.0

0.0

அல்லா மேல் சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம் எனக்குத் தெரியும், இது சரியில்லை என்று. ஆனால் மூளை ஒரு பக்கம் வக்கீல் வேலை பார்த்தது. சில யூஎஸ்பி போர்ட்டுகள் நாம் வைக்கிற வேகத்தைக் கண்டுகொள்வதே இல்லை, அது உண்மைதான். பூட்டிய அலமாரிக்குள் ஒரு கன்வெர்ட்டர் வைத்திருப்பார்கள், மீட்டர் அதன் வழியாகத்தான் காம் 7-க்கு வருகிறது, காம் 1-இல் இருப்பது ஏதோ பழைய கம்பி. எல்லாம் பொருந்தியது. அலமாரிச் சாவி கேட்டேன். சாவி வைத்திருப்பவன் லீவு என்றார் அர்விந்த்.

காம் 1 கம்பியைப் பிடுங்கிப் பார்த்தால் முடிந்துவிடும். பிடுங்கியும் பூஜ்யம் வந்தால் அது மீட்டரின் எண் இல்லை. ஒரு குழந்தைக்குத் தெரியும். கையைக் கம்பிப் பக்கம் கொண்டுபோனேன். "அரே, ஆ தோ கயா. வந்தாச்சு இல்ல? இன்னும் என்ன?" என்றார் அர்விந்த். கையை எடுத்துவிட்டேன்.

அழகர்சாமி என் தோளைத் தொட்டார்.

"நெசந்தானா சார்?"

அவருக்கு அந்தத் திரை போதும். ஆனாலும் என்னைக் கேட்டார். நான் தமிழன் என்பதால் கேட்டார்.

"நெசந்தாண்ணே" என்றேன்.

3.48. வாயு 0.0 என்ற சீட்டை என் பையிலிருந்த சின்ன பிரின்டரில் அச்செடுத்தேன். கையெழுத்துப் போட்டேன். அர்விந்த் அதை வாங்கிப் படமெடுத்துக்கொண்டு மேலே போய்விட்டார். அழகர்சாமி சட்டையைக் கழற்றி மடித்து வாளி மேல் வைத்தார். டிசம்பர் குளிர். மேல வந்து டீ குடிப்போம் சார், இருங்க, போயிராதீங்க என்றார். முகமூடி கிடையாது. சிலிண்டர் கிடையாது. இடுப்பில் கயிறு. மறுமுனை சேட்டு கையில்.

3.56. இறங்கினார்.

நான் அறைக்குள் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். எண் ஏறினால் கத்த வேண்டும், அதுதான் என் வேலை.

0.0

0.0

வெளியே அவர் குரல் கேட்டது. ஏதோ சொன்னார். கண்ணாடி வழியாகச் சொல் புரியவில்லை. சாதாரணமாகத்தான் பேசினார். சேட்டு தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். நான் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன். அவர் திரும்பிக் கொஞ்சம் கயிறு விட்டார்.

0.0

0.0

4.02.

டிங்-டு.

தலைகீழ்ச் சத்தம். எதையோ பிடுங்கினால் வரும் சத்தம்.

காம் 7 போய்விட்டது.

திரையில் ஒன்றும் இல்லை.

ஓடினேன்.

கயிறு முழுவதும் உள்ளே போயிருந்தது. நுனி மட்டும் சேட்டு கையில். தொய்ந்து கிடந்தது.

"அண்ணே!"

விளிம்பில் மண்டியிட்டுக் குனிந்தேன்.

"அழகரண்ணே!"

தண்ணீர்... லேசாக அலைகிற சத்தம். அவ்வளவுதான்.

இழுத்தோம். வரவில்லை. ஒரு ஆளின் கனம் எவ்வளவு என்று எனக்குத் தெரியும். இது அதைவிடக் கனம். கீழே யாரோ பிடித்துக்கொண்ட மாதிரி இருந்தது. ஒரு தடவை கயிறு எதிர்ப்பக்கம் இழுபட்டது. என் உள்ளங்கை கிழிந்தது.

சேட்டு இறங்கப் போனார். நான் அவர் இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். என்னை அடித்தார். கடித்தார். விடவில்லை. உள்ளே இருப்பவர் அவர் தங்கையின் புருஷன். நான் விடவில்லை. காவலாளி மேலே ஓடினான்.

4.39-க்குத் தீயணைப்பு வண்டி வந்தது. 5.10-க்கு வெளியே எடுத்தார்கள். இடுப்புக் கயிறு, அவர் கட்டிய முடிச்சோடு அப்படியே இருந்தது. தொட்டிக்குள் அவர்கள் கொண்டுவந்த கருவி வைத்துப் பார்த்தார்கள். ஒரு தடவை மூச்சிழுத்தால் ஆள் சுருண்டு விழுகிற அளவு வாயு. அந்த வாயு அதிகமானால் முதலில் மூக்குதான் சாகும், வாடையே தெரியாது, அதுதான் அதன் குணம் என்று தீயணைப்பு அதிகாரி சொன்னார். நான் அதைப் படித்திருக்கிறேன். பரீட்சையில் எழுதியிருக்கிறேன். வாடை இல்லை என்று அழகர்சாமி சந்தோஷப்பட்டபோது, அவர் முன்னால்தான் நின்றுகொண்டிருந்தேன்.

மற்றதெல்லாம் பிறகு தெரிந்தவை.

வைதேஹி ஃபைலைப் பார்த்துச் சொன்னாள். அந்த மீட்டர் ஏழு பிட். நான் தொடாமல் விட்ட அந்த ஒரு கட்டம். காம் 1-இல் ஓடிய குப்பையைக் கம்ப்யூட்டர் கடைசி வரை பதிந்துவைத்திருந்தது, அதைப் போலீஸ் லேபில் ஏழு பிட்டாக மாற்றிப் படித்தார்கள். முந்நூற்றுப் பத்து. முந்நூற்று நாற்பது. நாலு மணிக்கு எழுநூறு. பத்தைத் தாண்டினாலே ஆளை இறக்கக் கூடாது. மீட்டர் பாவம், மத்தியானம் முழுக்க உண்மையைத்தான் கத்திக்கொண்டிருந்தது. "ஒரு போன் பண்ணியிருக்கலாமே இஸ்மாயில்" என்றாள் வைதேஹி. அவள் திட்டியிருந்தால் தேவலை.

பூட்டிய அலமாரியைப் போலீஸ் உடைத்தது. உள்ளே இரண்டு துடைப்பமும் ஒரு பழைய காலண்டரும் இருந்தன. கன்வெர்ட்டர் எதுவும் இல்லை.

என் கையெழுத்துப் போட்ட சீட்டை அர்விந்த் அன்று மாலை ஆறு மணிக்குள் வக்கீலுக்கு அனுப்பிவிட்டார். இன்ஸ்பெக்‌ஷனைத் தள்ளிவைத்தார்கள். கம்பெனி என்னை வேலையை விட்டுத் தூக்கியது. அதெல்லாம் நியாயம். நான் வருத்தப்படவில்லை.

காம் 7 என்ன என்று கேட்டது லேப்தான். ஒவ்வொரு யூஎஸ்பி அடாப்டருக்கும் ஒரு வரிசை எண் உண்டு, கம்ப்யூட்டர் அதைக் குறித்துவைத்துக்கொள்ளும். காம் 7-இன் வரிசை எண்ணை எடுத்தார்கள். வைதேஹியின் ரிஜிஸ்டரில் அந்த எண் இருந்தது. எங்கள் கம்பெனி அடாப்டர்தான். பட்டாபி என்ற இன்ஜினீயருக்குக் கொடுத்தது. பட்டாபி எனக்கு முன்னால் என் வேலையில் இருந்தவர். 2023 நவம்பரில் அந்தக் கட்டடத்துக்குப் புது மீட்டர் பொருத்தப் போனார். மறுநாளிலிருந்து ஆபீஸுக்கு வரவில்லை. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டார் என்று கம்பெனியில் எழுதி மூடிவிட்டார்கள். அந்தக் காலி இடத்துக்குத்தான் என்னை எடுத்தார்கள். கட்டட வாசலில் இருக்கும் பழைய ரிஜிஸ்டரைப் போலீஸ் புரட்டியது. பட்டாபி உள்ளே போன நேரம் இருந்தது. வெளியே வந்த நேரம் இல்லை.

டிசம்பர் 19. தொட்டியை முழுவதும் உறிஞ்சி எடுத்தார்கள். எத்தனையோ வருஷத்தில் அதுதான் முதல் தடவையாம். அடிச் சேற்றில் ஒரு லேப்டாப் பை கிடைத்தது. அதற்குள் அந்த அடாப்டர். வரிசை எண் அதேதான். பிறகு தீயணைப்புக்காரர் ஒருவர் ஏணியில் ஏறி வந்து, உள்ளே இன்னொரு ஆளும் இருக்கிறார் என்றார். சுவரில் சாய்ந்து உட்கார்ந்த நிலையில். இரண்டு வருஷமாக.

விசாரணை அதிகாரியிடம் கேட்டேன். இரண்டு வருஷம் சேற்றில் கிடந்த அடாப்டர் எனக்கு எப்படிப் பூஜ்யம் அனுப்பியது? அவர் என் வாக்குமூலத்தைக் கையில் எடுத்தார். அப்போதுதான் குறுக்கே கோடு போட்டார்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு நரேலா போனேன். போகாதே என்றார்கள். போனேன். அழகர்சாமியின் மனைவி செல்லம்மாள் என்னைத் திட்டவில்லை. பாய் விரித்து உட்காரச் சொன்னார். ஒன்றே ஒன்று கேட்டார். முட்டையைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் இறங்கினாரா என்று. பார்த்தார் என்றேன். அவர் தலையாட்டினார். ஏமாந்து சாகவில்லை என்று அந்த அம்மா ஆறுதல்பட்டார். அதைக் கேட்டுக்கொண்டு நான் அந்தப் பாயில் உட்கார்ந்திருந்தேன். அங்கேயே செத்துப்போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

புறப்படும்போது சேட்டு பஸ் ஸ்டாப் வரை கூட வந்தார். பஸ் தூரத்தில் தெரிந்தபோது நான்தான் கேட்டேன். கீழேயிருந்து அன்றைக்கு அழகரண்ணன் ஏதோ சொன்னாரே, என்ன சொன்னார்?

சேட்டு என் முகத்தைப் பார்க்கவில்லை. ரோட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"'இன்னங் கொஞ்சம் கயிறு விடு மச்சான். இங்க ஒரு சார் உக்காந்திருக்காரு. மடியில கம்ப்யூட்டர் வச்சிருக்காரு. முட்டையக் காட்டி, கிட்ட வா, கிட்ட வாங்கிறாரு'ன்னுச்சு. நான் திரும்பிப் பாத்தேன். நீங்க கண்ணாடிக்கு அந்தாண்ட இருந்தீங்க. கட்டைவிரலக் காட்டுனீங்க. சரி, ரெண்டு சார் வந்திருக்காங்க போலன்னு நெனச்சேன். கயித்த விட்டுட்டேன்."